மைட்ரல் வால்வு சுருக்கம்: தங்கையின் திருமணத்துக்கு முன்பே பலூன் சிகிச்சை செய்துகொள்ள வேண்டுமா?

கேள்வி
எழுதியவர்: ஓர் அண்ணன், புதுக்கோட்டை மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு 25 வயது நடக்கிறது. ஓராண்டாகவே மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. படுத்தவுடன் இருமல் வருவதும், எழுந்து உட்கார்ந்தால் அது தணிவதும் வழக்கமாகிவிட்டது. முதலில் வீசிங் என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள். ஒரு நாள் சளியில் இரத்தக் கீற்று தெரிந்ததால், காசநோயாக இருக்குமோ என்று சளிப் பரிசோதனையும் எக்ஸ்-ரேயும் எடுத்தோம். காசநோய் இல்லை என்று வந்தது. அந்த எக்ஸ்-ரேயைப் பார்த்த மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து வரச் சொன்னார்.

எக்கோ அறிக்கையில், ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பதாகவும், அதன் திறப்பு 1.1 சதுர சென்டிமீட்டர் என்றும், கசிவு லேசானது என்றும், வில்கின்ஸ் மதிப்பெண் 7 என்றும், இதயத்துடிப்பு சீராக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். அவளுக்குப் பத்து, பதினோரு வயதில் காய்ச்சலுடன் முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கியது எங்களுக்கு நினைவிருக்கிறது. அப்போது இரண்டு ஆண்டுகள் பெனிசிலின் ஊசி போட்டோம். வீக்கம் திரும்ப வராததால் விட்டுவிட்டோம்.

இப்போது மெட்டோப்ரோலால், லாசிக்ஸ் ஆகிய மாத்திரைகளைச் சாப்பிட ஆரம்பித்தபின் இருமல் நின்றுவிட்டது. மூச்சு வாங்குவதும் பெரும்பாலும் இல்லை. ஆனாலும் மருத்துவர் பலூன் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார். அறிக்கையில் 'நடுத்தரச் சுருக்கம்' என்று இருக்கும்போது, அவர் 'கடுமையான சுருக்கம்' என்று சொல்வது ஏன் என்று புரியவில்லை. மாத்திரையிலேயே சரியாகிவிட்டவளுக்குப் பலூன் தேவையா, அல்லது செய்வதென்றால் ஒரேயடியாக அறுவை சிகிச்சையில் புது வால்வு வைத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. தை மாதம் அவளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. திருமணம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றும், மாப்பிள்ளை வீட்டில் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றும் பெரியவர்கள் கருதுகிறார்கள். பெனிசிலின் ஊசியை மறுபடியும் தொடங்கச் சொல்வது இன்னொரு கவலை. அந்த ஊசி போட்டவுடன் ஒருவர் இறந்ததாக ஊரில் கேள்விப்பட்டதால் அம்மா அஞ்சுகிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1
எழுதியவர்: இதயநோய் மருத்துவர், அரசு மருத்துவக் கல்லூரி

வணக்கம். எக்கோ படத்தைப் பார்க்காமல், நீங்கள் எழுதியுள்ள அளவுகளை மட்டும் வைத்துப் பதில் எழுதுகிறேன். முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் தங்கையை நேரில் பார்க்கும் மருத்துவர்தான்.

'நடுத்தரம்', 'கடுமை' என்ற குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததன்று. இயல்பான மைட்ரல் வால்வு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். முன்பெல்லாம் 1.0-க்குக் கீழே போனால்தான் கடுமையான சுருக்கம் என்று எழுதுவோம். 2014-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலில் 1.5-ம் அதற்குக் குறைவும் கடுமையானது என்று எல்லையை மாற்றினார்கள். ஏனெனில் அந்த அளவிலேயே நோயாளிகளுக்குத் தொந்தரவு தொடங்கிவிடுகிறது, சிகிச்சையால் பயனும் கிடைக்கிறது. எக்கோ எடுப்பவர்களில் சிலர் இன்னும் பழைய அளவுகோலையே எழுதுகிறார்கள். எனவே 1.1 என்பதைக் கடுமையான சுருக்கம் என்று உங்கள் மருத்துவர் சொன்னது சரி.

மாத்திரையில் சரியாகிவிட்டது என்று கருதுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் இடது மேலறையிலிருந்து மைட்ரல் வால்வு வழியாகத்தான் இடது கீழறைக்கு இறங்க வேண்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே இதயம் தளர்ந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டுமே அது நடக்கும். துடிப்பு வேகம் கூடும்போது சுருங்குவது பெரும்பாலும் அந்த இடைவெளிதான். அதனால்தான் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாத பெண்ணுக்குப் படி ஏறும்போதும், காய்ச்சல் வந்தாலும், பயந்தாலும் மூச்சு முட்டுகிறது. இறங்காத இரத்தம் நுரையீரலில் தேங்கி, இருமலும் இரத்தக் கீற்றும் வருகின்றன. மெட்டோப்ரோலால் துடிப்பைக் குறைத்து இடைவெளியை நீட்டுகிறது, லாசிக்ஸ் தேங்கிய நீரைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது, வால்வு 1.1-இலேயே இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த நோய் உள்ள பெண்கள் தமக்குத் தெரியாமலே வேலையைக் குறைத்துக்கொள்வார்கள். 'மூச்சு வாங்குகிறதா?' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'போன தீபாவளிக்குச் செய்த எந்த வேலையை இந்தத் தீபாவளிக்குச் செய்யவில்லை?' என்று கேட்டால்தான் உண்மை வரும். சந்தேகம் இருந்தால் டிரெட்மில்லில் நடக்கவைத்து எக்கோ எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

ருமாட்டிக் காய்ச்சலில் வால்வின் இரண்டு இதழ்களும் ஓரங்களில் ஒட்டிக்கொள்கின்றன. தையல் பிரிப்பதுபோல அந்த ஒட்டை விரித்துப் பிரிப்பதுதான் பலூன் சிகிச்சை. தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாகக் குழாயை வலது மேலறைக்குக் கொண்டுபோய், நடுச்சுவரில் ஊசியால் சிறு துளையிட்டு இடது மேலறைக்குள் நுழைந்து, வால்வின் நடுவே பலூனைச் சில நொடிகள் விரிப்பார்கள். ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோயே 1982-இல் முதன்முதலில் செய்த இந்த முறையைத்தான் இன்று உலகம் முழுவதும் பின்பற்றுகிறோம். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தே செய்வோம். நல்ல வால்வாக இருந்தால் திறப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். வில்கின்ஸ் மதிப்பெண் என்பது வால்வு இதழின் அசைவு, தடிப்பு, சுண்ணாம்புப் படிவு, அடியிலுள்ள நாண்களின் நிலை ஆகிய நான்கையும் 16-க்கு மதிப்பிடுவது. 8-ம் அதற்குக் குறைவும் பலூனுக்கு ஏற்றவை. உங்கள் தங்கைக்கு 7, கசிவும் லேசானது. இடது மேலறையில் இரத்தக்கட்டி இல்லை என்பதை உணவுக்குழாய் வழி எடுக்கும் எக்கோவில் உறுதிசெய்துவிட்டால், தடை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். நூறில் சிலருக்கு இதழ் கிழிந்து கசிவு அதிகமாகி, அவசர அறுவை தேவைப்படலாம். துளையிடும்போது இதயத்தைச் சுற்றி இரத்தம் சேர்வதும், கட்டி பெயர்ந்து பக்கவாதம் வருவதும் அரிது, ஆனால் நடக்கக்கூடியவை. ஆகையால் இதய அறுவை வசதி உள்ள இடத்தில், இதை அடிக்கடி செய்யும் குழுவிடம் செய்துகொள்ளுங்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல மீண்டும் சுருங்கலாம். வால்வு ஏற்ற நிலையில் இருந்தால் பலூனையே திரும்பச் செய்யலாம்.

'ஒரேயடியாகப் புது வால்வு' என்ற யோசனையை இந்த வயதில் நான் ஏற்கமாட்டேன். உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். நம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990-இல் முதன்முதலில் பொருத்தப்பட்ட சித்ரா வால்வே அதற்குச் சான்று. ஆனால் அதை வைத்துக்கொண்டவர் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிட்டு, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மாத்திரைகள் கருவின் ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை குழந்தையின் உருவாக்கத்தைப் பாதிக்கக்கூடியவை. நிறுத்தினாலோ வால்வில் இரத்தம் உறையும். திசு வால்வுக்கு இந்த மாத்திரை நீண்டகாலம் தேவைப்படாது என்றாலும், இளம் வயதினருக்கு அது விரைவில் தேய்ந்து மறு அறுவை வரும். பலூனுக்கு ஏற்ற வால்வில், வால்வை மாற்றாமல் நெஞ்சைத் திறந்து ஒட்டைப் பிரிக்கும் அறுவைகூடப் பலூனை வெல்லவில்லை. ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் 60 நோயாளிகளை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 1994-இல் வெளியானது. மூன்று ஆண்டுகள் கழித்து அளந்தபோது பலூன் பிரிவின் சராசரித் திறப்பு 2.4, அறுவைப் பிரிவினுடையது 1.8.

திருமணம் முடிந்தபின் பார்க்கலாம் என்பதில் உள்ள இடர், திருமணத்தால் வருவதன்று, கர்ப்பத்தால் வருவது. கர்ப்பத்தில் இரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும், நாடித்துடிப்பும் கூடும். சுருங்கிய வால்வுக்கு இவை இரண்டுமே பகை. ஆறாம் மாதத்திலிருந்தும், வலி எடுக்கும்போதும், குழந்தை பிறந்தவுடன் கருப்பை சுருங்கி அதிலிருந்த இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் நேரத்திலும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் மிகுதி. உலக சுகாதார அமைப்பின் இடர் வகைப்பாட்டில் கடுமையான மைட்ரல் சுருக்கம், கர்ப்பம் தவிர்க்கப்பட வேண்டிய நான்காம் வகையில் வருகிறது. பலூன் செய்து திறப்பு 1.5-ஐத் தாண்டிவிட்டால் பெரும்பாலான பெண்கள் கண்காணிப்புடன் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். கர்ப்பத்தின்போதும் இருபது வாரத்துக்குப் பின் பலூன் செய்வதுண்டு. அது நெருக்கடியில் எடுக்கும் முடிவு, திட்டமிட்டு அதற்குக் காத்திருக்கக் கூடாது.

பதில் 2
எழுதியவர்: ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை

தம்பி, பலூனைப் பற்றி டாக்டர் ஐயா எழுதிவிட்டார். ஊசியைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் பல ஆண்டுகள் போட்டவள் நான்.

தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொற்றி, இரண்டு மூன்று வாரம் கழித்து உடலின் எதிர்ப்பாற்றல் மூட்டையும் இதயத்தையும் தாக்குவதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் தடயமில்லாமல் போய்விடும், வால்வில் பட்ட காயம் தங்கிவிடும். அந்தக் கிருமி மறுபடியும் தொற்றும்போதெல்லாம் வால்வு மேலும் கெடும் என்பதால்தான் ஊசி. வீக்கம் வரவில்லை என்று நிறுத்தியது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று. பத்து வீட்டில் ஏழு எட்டு வீட்டுக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். வால்வு கெட்டிருப்பவர்களுக்குக் கடைசித் தாக்குதலிலிருந்து குறைந்தது பத்து ஆண்டுகள், அல்லது 40 வயது வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை போட வேண்டும் என்பதே பின்பற்றப்படும் கணக்கு. பலூன் செய்துவிட்டால் ஊசி வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு.

பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின், 21 நாளுக்கு ஒரு முறை. மூன்று வாரம் என்பதால் எப்போதும் ஒரே கிழமையில்தான் விழும். முதல் ஊசி வியாழக்கிழமை என்றால் கடைசி வரை வியாழன்தான். நாள்காட்டியில் ஆண்டு முழுவதுக்கும் முன்கூட்டியே வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் மருந்துக்கடையில் கிடைக்காமல் போகும். அடுத்த முறைக்கான குப்பியைக் கையில் வைத்திருப்பது நல்லது.

வலிக்கும் என்பது உண்மை. மருந்து பாலைப்போல் கெட்டியாக இருப்பதால் மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். கலக்கிய மருந்தை உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்கி, இடுப்புத் தசையில் ஆழமாக, அவசரப்படாமல் செலுத்தினால் வலி பாதியாகும். வெறும் வயிற்றோடு போகாமல், படுத்த நிலையில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு வரவேண்டும். கடுமையான ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் மருந்து கையிருப்பு இல்லாத இடத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது. அம்மாவின் பயத்துக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கடுமையான ஒவ்வாமை மிக அரிது, உங்கள் தங்கை ஏற்கெனவே இரண்டு ஆண்டுகள் தொந்தரவின்றிப் போட்டுக்கொண்டவள்.

பதில் 3
எழுதியவர்: பலூன் சிகிச்சை செய்துகொண்டவர், இரு குழந்தைகளின் தாய், கோயம்புத்தூர்

சகோதரருக்கு வணக்கம். எனக்கும் இதே வால்வுதான். எனக்குத் திருமணத்துக்கு முன்பே செய்தார்கள். மருத்துவர் எழுதாத சிலவற்றைச் சொல்கிறேன்.

சிகிச்சை முடிந்த அன்று கால்களை மடக்காமல் படுத்திருப்பதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. பலூன் விரியும்போது சில நொடிகள் நெஞ்சுக்குள் படபடவென்று துடித்தது. முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. அன்றிரவே தலையணையைக் குறைத்துப் படுக்க முடிந்தது. ஆனால் சில வாரங்களுக்கு அவ்வப்போது படபடப்பு வந்துபோயிற்று, அதற்காகத் துடிப்பு மாத்திரையைத் தொடர்ந்தார்கள். உடனே எல்லா மாத்திரையும் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் எனக்குச் செய்தார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிவு செய்ய வேண்டும். திருமணத்துக்குப் பின் தங்கையின் பெயர் குடும்ப அட்டையிலிருந்து மாறும். அதற்கு முன்பே செய்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைப்பது நடைமுறைக்கே ஒத்துவராது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி, ஆண்டுக்கு ஒரு முறை எக்கோ, இவற்றை ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படி மறைப்பது? மறைப்பவர்கள் முதலில் ஊசியைத்தான் விடுவார்கள், அடுத்து கர்ப்பத்தின்போது முதல் பரிசோதனையில் இதய நோயைச் சொல்லாமல் விடுவார்கள். என் வீட்டில் என் அப்பா மாப்பிள்ளையையே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் வாயாலேயே கேட்கவைத்தார். ஒரு வரன் அதற்கு முன் தட்டிப்போனது, அதற்காக வருந்தியதில்லை. மருத்துவர் சொன்னால் பயம் ஓர் அளவோடு நிற்கும், உறவினர் சொன்னால் வளர்ந்துகொண்டே போகும்.

குழந்தை வேண்டும் என்று தீர்மானிக்கும்வரை கருத்தடை எது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் இரத்தம் உறைவதைக் கூட்டும் என்பதால் எனக்கு வேண்டாம் என்றார்கள். கர்ப்பத்தில் இரத்தசோகை வராமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். இரத்தம் குறைந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், அதன் விளைவை மேலே மருத்துவர் விளக்கியிருக்கிறார். பிரசவத்தை இதயநோய் மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருக்கும் மருத்துவமனையில் முன்கூட்டியே பதிவு செய்தோம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. தைக்கு முன்பே பலூனை முடித்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு அப்பா வந்துவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அண்ணனிடம் பேசப்போகிறோம். இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. தங்கைக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி வலிக்கிறது. அதைப் பிடுங்கலாமா, பலூனுக்கு முன்பா பின்பா? ஊசியைப் பலூன் செய்யும்வரை தள்ளிப்போடலாமா?

பதில் 4
எழுதியவர்: இதயநோய் மருத்துவர், அரசு மருத்துவக் கல்லூரி

பல்லை முதலில் கவனியுங்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து, காயப்பட்ட வால்வில் குடியேறக்கூடும் என்பதால், வாயைச் சுத்தம் செய்த பிறகே பலூனுக்கு நாள் குறிப்பது நல்லது. பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாட்டிக் தேவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2007-இல் அமெரிக்க இதயச் சங்கம், செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு வால்வில் தொற்று வந்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் போதும் என்று சுருக்கிக்கொண்டது. ருமாட்டிக் நோய் மிகுந்த நாடுகளில் பலர் இன்னும் கொடுக்கிறார்கள், நானும் கொடுப்பேன். பல் மருத்துவரிடம் வால்வைப் பற்றியும் மாத்திரைகளைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊசியைப் பொறுத்தவரை, செவிலியர் அம்மா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஊசி போட்டவுடன் நேர்ந்த மரணங்களைப் பற்றி 2022-இல் அமெரிக்க இதயச் சங்கம் ஓர் அறிவுரை வெளியிட்டது. அவற்றுள் பல ஒவ்வாமையால் நேர்ந்தவையாகத் தெரியவில்லை. வால்வு மிகவும் கெட்டிருந்தவர்களுக்கு ஊசியின் வலியாலும் அச்சத்தாலும் இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் அதைத் தாங்கமுடியாமல் நின்றிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. கடுமையான மைட்ரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பதிலாக வாய்வழி மருந்தைக் கருதச் சொல்கிறார்கள். எனவே பலூன் செய்யும்வரை பெனிசிலின் வி மாத்திரை 250 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை கொடுத்துவிட்டு, வால்வு திறந்தபின் ஊசிக்கு மாறலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரையை ஒரு வேளைகூட மறக்கக் கூடாது என்பதுதான் அதிலுள்ள சிக்கல். நீண்டகாலத்துக்கு ஊசியே நம்பகமானது. தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம்.

இடையில் திடீரென நாடி ஒழுங்கில்லாமல் தாறுமாறாக ஓடினாலோ, படுக்கவே முடியாமல் மூச்சு முட்டினாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, குறித்த தேதிக்குக் காத்திராமல் 108-ஐ அழைத்துவிடுங்கள். துடிப்பு ஒழுங்கு தவறியவர்களுக்கு மேலறையில் இரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம் என்பதால் அசிட்ரோமோ வார்ஃபரினோ தேவைப்படும். ருமாட்டிக் சுருக்கத்தில், இரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய வகை மாத்திரைகள் அவற்றுக்கு ஈடாகவில்லை. அப்புதிய மாத்திரைகளில் ஒன்றான ரிவரொக்சபானை வைத்து 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2022-இல் அதைத் தெளிவாக்கியது. துடிப்பு சீராக இருப்பதாக எக்கோ அறிக்கை சொல்வதால், இப்போதைக்கு அந்தக் கேள்வி எழவில்லை.